பதினேழாம் டோக்கன்

அத்தியாயம் 11

ஒன்பது நாளாக சிஸ்டரம்மா ஒரு விஷயத்தை மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் வாயிலேயே வைத்துக்கொண்டிருக்கிறாள். போன வாரம் படிக்காமல் விட்டவர்களுக்காக நானே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லலாம். குடும்ப நல கிளினிக்கில் 'இந்த அறையில் கேட்டதை வெளியே பேச மாட்டேன்' என்ற தாளில் கையெழுத்துப் போட்டது அவள்தானே, நானா?

மருமகளுக்குக் காய்ச்சல். நர்ஸ் ஒருத்தி வீட்டில் இருந்தால் காய்ச்சல்காரர்களுக்கு நிம்மதியாகப் படுக்கக்கூடக் கிடைக்காது. தெர்மாமீட்டர் வந்தது, மாத்திரை வந்தது, கடைசியில் பிரஷர் பார்க்கும் பட்டையும் வந்தது. இடது கையில் சுற்றப் போன சிஸ்டரம்மாவின் விரல், மேல்கையின் உள்பக்கத்தில் பட்டதும் நின்றுவிட்டது. தோலுக்கு அடியில் தீக்குச்சி அளவில் ஒன்று.

கருத்தடைக் குச்சி. இந்த ஊரில் நானூறு பெண்களுக்குக் குறையாமல் அதை வைத்துவிட்டவள் அவள். அந்த விரலுக்குச் சந்தேகம் வருமா?

ஒன்றும் தெரியாத மாதிரி அதே கையில் பட்டையைக் கட்டியிருக்கலாம். குச்சிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் இருபத்திரண்டு வருடப் பழக்கம் சும்மா இருக்குமா? குச்சி இருக்கிற கையைத் தொந்தரவு செய்யாமல் மறு கைக்கு மாறினாள். அவள் செய்த தப்பு அவ்வளவுதான். தன் கையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்த மருமகளுக்கு அந்த ஒரு மாற்றம் போதுமானதாக இருந்தது.

பிரஷர் நார்மல் என்று மட்டும் சிஸ்டரம்மா சொன்னாள்.

இதில் ஒன்றும் தெரியாத ஒரே ஆள், அவளுடைய மகன். லிப்ட் மெக்கானிக். ஒன்றரை வருடமாகக் குழந்தைக்காகக் காத்திருக்கிறான். தப்பு தன்னிடம்தான் என்று முடிவு கட்டி சிகரெட்டை விட்டான், காபியை விட்டான், சூடான தண்ணீரில் குளிப்பதைக்கூட விட்டான். போன மாதம் நண்பன் ஒருவனுடைய பிள்ளையின் பிறந்த நாளுக்குப் போகாமல், உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டுப் படுத்திருந்தான்.

அதெல்லாம் போன வாரம் வரைக்கும். இன்று வியாழக்கிழமை.

"அம்மா, சாயங்காலம் அஞ்சு மணிக்கு" என்றான் மகன், சாக்ஸை மாட்டிக்கொண்டே. "குழந்தையில்லாதவங்களைப் பாக்கற டாக்டர், மூணு மாசம் காத்திருந்து கிடைச்ச அப்பாயின்ட்மென்ட். நீயும் வாயேன். அந்த டாக்டருங்க பேசற பாஷை உனக்குத்தான் புரியும்."

"எனக்கு டியூட்டி இருக்குப்பா."

"எப்பவும் டியூட்டிதான் உனக்கு."

கோபமில்லை. பழகிப்போன குரல். அதுதான் சிஸ்டரம்மாவுக்கு உறைத்தது.

மருமகள் சமையலறையில் தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய தம்ளரையே மறுபடியும் கழுவினாள். கண்ணாடிக் கடையில் வேலை அவளுக்கு. நாள் முழுக்க மற்றவர்கள் கண்ணைச் சோதித்துப் பார்த்துப் பவர் சொல்லுகிறவள். இந்த ஒன்பது நாளாக மாமியாரின் கண்ணை மட்டும் பார்ப்பதில்லை.

மகன் குரலைத் தாழ்த்தினான். "அவகிட்ட சொல்லிடாதம்மா. எனக்குப் பயமா இருக்கு. லிப்ட் நின்னா எங்க மாட்டியிருக்குன்னு பத்து நிமிஷத்துல சொல்லிடுவேன். என் விஷயத்துல எங்க மாட்டியிருக்குன்னே தெரியலை."

ஒரே ஒரு வாக்கியம் போதும். 'உன்மேல ஒரு தப்பும் இல்லடா' என்று சொன்னால், பெற்ற பிள்ளை முகம் தெளிந்துவிடும். அடுத்த நிமிடமே மருமகள் வாழ்க்கை என்ன ஆகும்?

"ஒண்ணும் ஆகாது. போயிட்டு வாங்க" என்றாள். ஊருக்கெல்லாம் சொல்லுகிற அதே குரல். மகன் தலையாட்டிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனான்.

கிளினிக்கில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வாசலில் ஒரு பலகை, அதில் ஆணிகள், ஆணிகளில் வட்ட பிளாஸ்டிக் டோக்கன்கள். வருகிறவர் ஒன்றைக் கழற்றிக்கொண்டு பெஞ்சில் உட்கார வேண்டியது. அதைக் கவனித்துக்கொள்கிறவரை எல்லாரும் டோக்கன் அண்ணன் என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரியே வந்தாலும் அவருக்கு அவள் எட்டாம் நம்பர்தான்.

"இன்னைக்குக் கூட்டம் ஜாஸ்தி சிஸ்டரம்மா. சின்ன சிஸ்டர் வேற லீவு போட்டுட்டாங்க. டீ குடிக்கணும்னா இப்பவே குடிச்சிடுங்க, அப்புறம் கோயில் குளம் சுத்தினாலும் கிடைக்காது."

"டீ எனக்கா உங்களுக்கா?"

"உங்க பேரைச் சொல்லி எனக்குத்தான்" என்றார்.

அறை சின்னது. ஒரு மேசை, மூன்று நாற்காலி, பச்சைத் திரைக்குப் பின்னால் ஒரு கட்டில். மேசை மேல் தட்டில் மாத்திரை அட்டை, காப்பர்-டி, ஆணுறை, ஊசிக் குப்பி, மாதிரிக்கு ஒரு குச்சி. எல்லாம் தொட்டுப் பார்ப்பதற்கு. பக்கத்தில் போன மாதம் வந்த புதுக் கையேடு, மஞ்சள் அட்டை போட்டது. குடும்ப நல ஊழியர்களுக்கானது. சிஸ்டரம்மா அதை மூன்று முறை படித்துவிட்டாள். சுற்றுவட்டார கிளினிக்குகளுக்கு அதை வைத்து வகுப்பெடுப்பவளே அவள்தான். 'வருபவரிடம் தனியாகப் பேசுங்கள்' என்ற பக்கம் மடிந்து மடிந்து தனியே வந்துவிடும் போலிருந்தது.

பன்னிரண்டாம் டோக்கன் ஒரு கணவன் மனைவி. கேள்வி மனைவியைக் கேட்டால் பதில் கணவனிடமிருந்து வந்தது.

"கடைசியா எப்ப தலைக்குக் குளிச்சீங்க?"

"பத்து நாளாச்சு சிஸ்டர்" என்றான் அவன்.

"நீங்க இல்ல சார், அவங்க."

"அவளுக்குத்தான் சொல்றேன்."

சிஸ்டரம்மா பேனாவை மூடினாள். "சார், வெளிய உயரம் பாக்கற ஸ்கேல் இருக்கு. போய் நில்லுங்க, வந்து குறிச்சுக்கறேன்."

"எனக்கு எதுக்கு உயரம்?"

"ரெண்டு பேரோடதும் ஃபாரத்துல இருக்கு."

ஃபாரத்தில் அப்படி ஒன்றும் கிடையாது. இது கையேட்டில் இல்லாத, அவளுடைய சொந்தச் சரக்கு. கணவன் வெளியே போனதும் அந்தப் பெண் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"மூணு மாச ஊசி போட்டுக்கிட்டா அவருக்குத் தெரியுமா?"

"நாங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டோம். ஆனா மாசாமாசம் வர்றது மாறலாம், தள்ளிப்போகலாம், நின்னும் போகலாம். அதை அவர் கவனிச்சா கேப்பார். அதையும் யோசிச்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க. அவசரமில்ல."

இதே பதிலை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள். ஒரு நாளும் உறுத்தியதில்லை. இன்று பாதிக் கதவு வழியே பார்த்தாள். அந்தக் கணவன் செருப்பைக் கழற்றிவிட்டு, முதுகை நேராக்கி, ஸ்கேலில் ஒட்டிக்கொண்டு நின்றான். யாராவது வந்து குறித்துக்கொள்வார்கள் என்று நம்பிக்கொண்டு நின்றான். அவனுக்கும் எங்கோ ஒரு அம்மா இருப்பாள் என்று அவளுக்குத் தோன்றியது.

மதியம் ஒன்றரைக்கு பதினேழாம் டோக்கனைக் கூப்பிட்டார் டோக்கன் அண்ணன். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது மருமகள்.

கடைச் சீருடையோடு வந்திருந்தாள். டோக்கனை மேசை மேல் வைத்துவிட்டு, எல்லாரையும் போல ஓரமாக நின்றாள்.

சிஸ்டரம்மாவுக்குப் பழக்கம் கைகொடுத்தது.

"உட்காருங்க" என்றாள்.

மருமகள் நிமிர்ந்து பார்த்தாள். ஒன்பது நாளுக்குப் பிறகு முதல் தடவையாக. "என்ன அத்தை, 'ங்க' போடறீங்க."

"இந்த ரூமுக்குள்ள எல்லாரையும் அப்படித்தான். பதினாறு வயசுப் பொண்ணு வந்தாலும் அப்படித்தான்." சற்று நிறுத்தினாள். "தெரிஞ்சவங்க வந்தா நான் பாக்கறதில்ல. சின்ன சிஸ்டர்தான் பாப்பாங்க. அவங்க நாளைக்கு வருவாங்க."

"நாளைக்கு வந்து என்ன பண்ண? அஞ்சு மணிக்கு அப்பாயின்ட்மென்ட். குச்சி வெச்ச இடத்துக்குப் போனேன், அங்க டாக்டர் சனிக்கிழமைதான் வருவாராம்." மருமகள் சீருடையின் கையை மேலே சுருட்டினாள். "எடுத்துடுங்க. முழுக்கை சட்டை கொண்டாந்திருக்கேன்."

வெளியே டோக்கன் அண்ணன் யாரையோ சத்தம் போடாமல் உட்காரச் சொன்னார். சிஸ்டரம்மா புது அட்டை ஒன்றை எடுத்து முன்னால் வைத்தாள். எழுதாமல் எதையும் செய்யக் கூடாது.

"வயசு?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"நீங்க சொல்லணும்."

"இருபத்தெட்டு."

"இதுக்கு முன்னாடி கர்ப்பம்?"

சிஸ்டரம்மா நிமிரவில்லை.

"ஒண்ணு."

"பிள்ளைங்க?"

"இல்ல."

ஒன்று, பூஜ்யம். பேனா அந்தக் கட்டங்களில் எழுதியது. ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோன தன் பேரப்பிள்ளையைத்தான் எழுதுகிறோம் என்று அவளுக்குத் தெரியும். எழுத்து நேராகத்தான் வந்தது. அவளுக்கே அது பிடிக்கவில்லை.

"எடுக்கணும்னு நீங்க கேட்டா எடுத்துடுவேன். ஏன்னு கேக்கக்கூட எனக்கு உரிமை இல்ல. பத்து நிமிஷ வேலை, மரத்துப்போக ஊசி போட்டுட்டுத்தான் செய்வேன். ரெண்டு நாள் கட்டு இருக்கும், நீலம் பாய்ஞ்சிருக்கும். அதுக்கு முன்னாடி எல்லாரையும் கேக்கற ஒரே ஒரு கேள்வி." சிஸ்டரம்மா பேனாவை வைத்தாள். "இது உங்க முடிவுதானா? யாருக்காவது பயந்து கேக்கறீங்களா?"

மருமகளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு பாதியிலேயே வேறு மாதிரி ஆனது. கைக்குட்டையைத் தேடினாள். கிடைக்கவில்லை. சிஸ்டரம்மா பஞ்சு உருளையிலிருந்து ஒரு துண்டு பிய்த்துக் கொடுத்தாள்.

"எனக்குக் குழந்தை வேண்டாம்னு இல்ல" என்றாள் மருமகள். "இந்த வீட்டுல மறுபடியும் கர்ப்பமா இருக்க எனக்குப் பயமா இருக்கு."

"என்ன பயம்?"

"சிஸ்டர் கேக்கறீங்களா, அத்தை கேக்கறீங்களா?"

"இங்க சிஸ்டர்தான்."

"அப்ப சொல்றேன். அத்தைகிட்டன்னா சொல்ல மாட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அன்னைக்கு வார்டுல காலையில பத்து மணிக்கு என்னைச் சேர்த்தாங்க. அவர் வேற ஊர்ல, லிப்ட் கிணத்துக்குள்ள. சிக்னல் இல்ல. எங்க அத்தைக்குப் பதினோரு மணிக்கு ஃபோன் பண்ணிட்டோம்னு அங்க இருந்த நர்ஸ் சொன்னாங்க. நான் கதவையே பாத்துக்கிட்டுப் படுத்திருந்தேன். ரெண்டு மணிக்கு எல்லாம் முடிஞ்சுபோச்சு. பாக்கறீங்களான்னு கேட்டாங்க. தனியாத்தான் பாத்தேன். இவ்வளவுதான் இருந்துச்சு."

கையால் அளவு காட்டினாள். சிஸ்டரம்மா அந்தக் கையைப் பார்த்தாள்.

"எங்க அத்தை ஆறு மணிக்கு வந்தாங்க. எங்கயோ வகுப்பெடுத்துட்டு, சர்டிபிகேட் எல்லாம் குடுத்து முடிச்சிட்டு வந்தாங்க. என்ன சொன்னாங்க தெரியுமா சிஸ்டர்? 'ஆறு மாசம் கழிச்சு முயற்சி பண்ணலாம், அடுத்தது தங்கிடும்'னு சொன்னாங்க. கையேட்டுல இருக்கற மாதிரி. தப்பா ஒண்ணும் சொல்லலை. தலையில ஒரு கையை வெச்சிருந்தா போதும். வைக்கலை."

சொல்ல சிஸ்டரம்மாவிடம் நிறைய இருந்தது. முப்பது பேர் வெளியூரிலிருந்து வந்திருந்தார்கள், நடுவில் விட முடியவில்லை, ஆஸ்பத்திரியில் நல்ல டாக்டர் இருக்கிறார் என்று நினைத்தேன், நான் வந்து மட்டும் என்ன செய்திருப்பேன்... அத்தனையும் அத்தை சொல்ல வேண்டியது. சிஸ்டருக்கு அந்த அத்தையை யாரென்றே தெரியாது. எதிரே அழுகிற பெண்ணிடம் தன் பக்க நியாயத்தைப் பேசுவது கிளினிக்கில் ஆகாது.

"ரொம்ப தனியா இருந்திருக்கீங்க" என்றாள்.

"ஆமா."

"அதுக்கப்புறம் குச்சி வெச்சீங்க."

"ரெண்டாவது மாசம். யாருக்கும் சொல்லலை. அவர்கிட்டச் சொல்லணும்னு ஒவ்வொரு வாரமும் நினைப்பேன். அவர் பாவம், சூடான தண்ணியில குளிக்கறதைக்கூட விட்டுட்டார். அதைப் பாக்கும்போது இன்னும் சொல்ல முடியலை. இப்படியே போச்சு." மூக்கை உறிஞ்சினாள். "அன்னைக்கு நீங்க கையை மாத்துனதும், முடிஞ்சது, சொல்லிடப் போறீங்கன்னு நினைச்சேன். ஒன்பது நாளா அவர் முகத்தைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். நீங்க சொல்லலை."

"சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"அது உங்களுடையது."

மின்விசிறி ஒரு பக்கமாக இழுத்து இழுத்துச் சுற்றியது. சிஸ்டரம்மா நாற்காலியைச் சற்று அருகில் நகர்த்தினாள்.

"கேளுங்க. எடுத்துட்டா சீக்கிரமே கர்ப்பம் தங்கலாம். வெச்சிருந்தா இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல வேலை செய்யும். ரெண்டுல எது சொன்னாலும் நான் செய்வேன். எதைச் சொன்னாலும் சரிதான். அஞ்சு மணிக்காகச் சொல்லாதீங்க, அவ்வளவுதான்."

எனக்கு சிஸ்டரம்மாவைப் பத்து வாரமாகத் தெரியும். பேரப்பிள்ளைக்காகப் பின்னிய சின்ன மஞ்சள் ஸ்வெட்டர் அவளுடைய பீரோவில் இன்னும் இருப்பதை உங்களுக்கு நாலாவது வாரமே சொன்னேன். மரத்துப்போகும் ஊசி, சின்னக் கத்தி, பத்து நிமிடம். 'சரி, படுங்க' என்றால் முடிந்தது. மகனுக்கும் தெரியாது, மருமகள் மானமும் போகாது, ஸ்வெட்டருக்கும் வேலை வரும். அவள் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருட உத்தியோகத்தில் இவ்வளவு கஷ்டமான வேலையை அவள் செய்ததில்லை.

மருமகள் தட்டில் இருந்த மாதிரிக் குச்சியைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் சுருட்டிய கையைக் கீழே இறக்கிவிட்டாள்.

"இருக்கட்டும்" என்றாள். "அவர்கிட்ட நானே சொல்லிக்கறேன். டாக்டர் கண்டுபிடிச்சு சொல்றதுக்கு முன்னாடி."

"தனியாச் சொல்ல முடியுமா? சின்ன சிஸ்டர் நாளைக்கு வந்ததும் ரெண்டு பேரையும் உட்கார வெச்சு..."

"தனியாத்தான் பழக்கம்" என்றாள் மருமகள். குத்திக்காட்டுவதற்காகச் சொன்னதாகத் தெரியவில்லை. எழுந்து கும்பிட்டுவிட்டு, டோக்கனை எடுத்துக்கொண்டு போய் ஆணியில் மாட்டினாள்.

சிஸ்டரம்மா அட்டையில் 'ஆலோசனை மட்டும்' என்று எழுதினாள். தேதி போட்டாள். பதினெட்டாம் டோக்கனைக் கூப்பிடச் சொன்னாள்.

வீட்டுக்கு அவள் வந்து சேர்ந்தபோது ஆறே கால். வெயில் இன்னும் சுவரில் இருந்தது. வாசலில் இரண்டு ஜோடி செருப்பும் தள்ளித் தள்ளிக் கிடந்தன.

மகன் சாப்பாட்டு மேசை முன்னால் உட்கார்ந்திருந்தான். படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது.

"டாக்டரைப் பாக்கவே இல்லம்மா" என்றான். "எங்க நம்பர் கூப்பிடறதுக்கு முன்னாடியே சொல்லிட்டா."

சிஸ்டரம்மா பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றாள்.

"என் கையை எடுத்து அவ கையில வெச்சா. இங்க. உள்ள என்னமோ இருக்கு. ஒன்றரை வருஷம் அந்தக் கையைப் பிடிச்சிக்கிட்டுத்தாம்மா ரோட்டைத் தாண்டியிருக்கேன். எனக்குத் தெரியலை பாரு." விரலைப் பார்த்துக்கொண்டான். "நான் மெக்கானிக்காம்."

"தண்ணி குடிக்கிறியா?"

"வேண்டாம். வேற யாருக்குத் தெரியும்னு கேட்டேன். ஒருத்தருக்கும் தெரியாதுன்னா. அம்மாவுக்குமான்னு கேட்டேன். அத்தைக்கும் தெரியாதுன்னு சத்தியம் பண்ணா." நிமிர்ந்து பார்த்தான். அவனுடைய கண் சிவந்திருந்தது. "நல்லவேளைம்மா. நீயாவது என்னை ஏமாத்தலை. உனக்கும் தெரிஞ்சிருந்தா இந்த வீட்டுல எனக்குன்னு யாரு இருக்கா?"

சும்மா இருந்தால் போதும். சிஸ்டரம்மா ஒன்றும் பொய் சொல்லக்கூட வேண்டாம். வாயை மூடிக்கொண்டு மகன் தலையைத் தடவிக் கொடுத்தால், அவன் அவள் மடியில் விழுந்து அழுவான். அப்பா போன அன்று அழுததற்கு அப்புறம் அவன் அவளிடம் அழுததே இல்லை. மருமகள் பொய்ச் சத்தியம் செய்து அவளுக்கு அந்த இடத்தைக் காலி செய்து வைத்திருக்கிறாள். பழி முழுவதையும் தானே சுமந்துகொண்டு கதவைச் சாத்திக்கொண்டுவிட்டாள். இரண்டாம் தடவையாகத் தனியாக.

கிளினிக்கில் கேட்டதைச் சொல்ல முடியாது. தன்னுடையதைச் சொல்லலாமே என்று அவளுக்குத் தோன்றியது. அதற்கு எந்தத் தாளிலும் தடை இல்லை.

"தம்பி" என்றாள். "அவ ஆஸ்பத்திரியில இருந்த அன்னைக்கு, நீ வர்ற வரைக்கும் நான் கூட இருந்தேன்னு நினைச்சிட்டிருக்க."

"ஆமா. நீதானே ஃபோன்ல 'நான் இருக்கேன்'னு சொன்ன."

"சொன்னேன். ஆறரை மணிக்குச் சொன்னேன். எனக்கு விஷயம் தெரிஞ்சது காலையில பதினோரு மணிக்கு. நான் போகலை. வகுப்பு முடிச்சிட்டு ஆறு மணிக்குத்தான் போனேன். அவ தனியாத்தான் இருந்தா. எல்லாத்துக்கும் தனியா இருந்தா."

மகன் மேசை மேல் இருந்த ஃபோனைத் தள்ளிவைத்தான்.

"அதை உன்கிட்ட மறைச்சது நான். அவ ஒரு நாளும் என்னைக் காட்டிக்கொடுக்கலை. கோவப்படறதுன்னா என்மேல படு."

"இதை எதுக்கு இப்பச் சொல்ற?"

அவள் பையைத் தோளிலிருந்து இறக்கி மேசை மேல் வைத்தாள்.

"ரெண்டு வருஷமா சொல்லாதவ, இன்னைக்கு எதுக்கும்மா சொல்ற?" அவன் எழுந்து நின்றான். எங்கே மாட்டியிருக்கிறது என்று பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்கிறவன். அவ்வளவு நேரம்கூட ஆகவில்லை. "அவ ஏன் அப்படிப் பண்ணான்னு உனக்குத் தெரியும். அவ உன்கிட்டப் பேசியிருக்கா."

சிஸ்டரம்மா சாத்தியிருந்த கதவைப் பார்த்தாள்.

"இல்லைன்னு சொல்லும்மா. நம்பிக்கறேன்."

சிஸ்டரம்மா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். ஆமாம் என்றால் கிளினிக் விஷயம் வெளியே வரும். இல்லை என்றால் உள்ளே இருப்பவள் மறுபடி அநாதை. இருதலைக்கொள்ளி எறும்பாக நின்றாள். அவள் சும்மா நின்றதே அவனுக்குப் பதிலாகிவிட்டது.

"சரி" என்றான் மகன். மெல்லிய குரலில்தான் சொன்னான். "நீங்க ரெண்டு பேரும் இருங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். கேட் சத்தம் கேட்டது. ஃபோன் மேசை மேலேயே கிடந்தது.

படுக்கையறைக் கதவு திறந்தது. மருமகள் இன்னும் கடைச் சீருடையில்தான் இருந்தாள்.

சிஸ்டரம்மா அவளை நோக்கி ஒரு எட்டு வைத்தாள். இரண்டு வருடம் முன்னால் வைத்திருக்க வேண்டிய கை, இப்போது தானாகவே உயர்ந்தது.

மருமகள் விலகிக்கொண்டாள்.

"உங்களை யாரு அத்தை சொல்லச் சொன்னது?"

"நீ தனியா இருக்கக் கூடாதுன்னு..."

"நான் இருந்துக்குவேன். எனக்குத் தெரியும், இருந்து பழகிட்டேன்." அவள் குரல் உடைந்தது. "அவருக்குத் தெரியாது. அவருக்கு நீங்களாவது இருக்கட்டும்னுதான் நான் பொய்ச் சத்தியம் பண்ணேன். இப்ப அவருக்கு யாரு இருக்கா?"

மருமகள் மேசை மேல் கிடந்த ஃபோனைப் பார்த்தாள்.

"ஃபோனைக்கூட எடுத்துக்கலை. போங்க அத்தை. போய்ப் பாருங்க. நான் போனா அவர் திரும்பிக்கூடப் பாக்க மாட்டார்."

சிஸ்டரம்மா போனாள். கேட்டைத் திறந்து தெருவுக்கு வந்தாள். சைக்கிள் கடைக்காரர் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார். எதிர் வீட்டு மாடியில் ஒருத்தி துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இரண்டாவது பிள்ளை வேண்டாம் என்று எப்போது தோன்றியது என்பது சிஸ்டரம்மாவுக்குத் தெரியும். மூலை வீட்டுக்காரர் யாருக்கும் சொல்லாமல் ஆபரேஷன் செய்துகொண்டது தெரியும். இந்தத் தெருவில் எந்தக் கதவுக்குப் பின்னால் என்ன கவலை என்று கேட்டால், அவளைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை.

ஒரு பக்கம் போனால் பஸ் ஸ்டாண்ட். மறு பக்கம் போனால் ரயில்வே கேட். மகனுக்கு நண்பர்கள் யார், டீக்கடை எது, மனசு கஷ்டமானால் அவன் எங்கே போய் உட்காருவான், யாரிடம் பேசுவான் என்று யோசித்துப் பார்த்தாள். ஒரு பெயர்கூட வரவில்லை. முப்பத்தொரு வருடமாக அவள் அதை அவனிடம் கேட்டதில்லை.